படிக்கட்டுக்கு ஒரு நோட்டு

சென்னையில் கே.கே. நகர், பெசன்ட் நகர் போன்ற இடங்களில் வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. பிள்ளைகள் வெளியூர் போய்விட, மேல்மாடிகளில் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளக் காலனி முழுவதையும் ஒன்றுசேர்க்க முயன்று களைத்துப்போக வேண்டாம். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டு போதும். கதவு எண், தனியாக இருப்பவர் பெயர், மகன் அல்லது மகளின் தொலைபேசி எண், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை, மாற்றுச் சாவி இருக்கும் வீடு ஆகியவற்றை எழுதி, எல்லோரும் நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். சுவரில் தொங்கவிட வேண்டாம். இரவில் உள்தாழ்ப்பாள் போடாமல் பூட்டை மட்டும் பூட்டச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் போட்டுவிட்டால், 108 ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது மாற்றுச் சாவி இருந்தும் பயனில்லை.

காலை எட்டு மணிக்கும் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்ட வேண்டும். இதை முன்பே பேசி வைத்துக்கொண்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வாடகைக்கு வந்தவர்களை ஒதுக்காதீர்கள், தயவுசெய்து. அவசரத்துக்கு மூன்று மாடி ஓடி ஏறக்கூடிய இளைஞர்கள் பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவும் ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் கூப்பிடுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐப் படிக்கட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.