மிஸ்பாவைத் திருமண அட்டையில் அச்சிடாதீர்கள்

கடலூர் முதுநகரில் அண்மையில் நடந்த ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், வாலிபர் ஒருவர் லோதேபாரைப் பற்றி முக்கால் மணி நேரம் செய்தி கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் நானே பேசியதைத் திரும்பக் கேட்பதுபோல் இருந்தது. வேதத்தில் ஓரிரு வசனங்களில் வந்துபோகும் ஊர்களிலிருந்து செய்தி எடுக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வசன எண்ணை மாற்றிச் சொல்வது போன்ற பிழைகளைக் கூட்டத்தாரே திருத்திவிடுவார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை வைத்தே ஊரை எடைபோடுதல்

லோதேபார் என்றால் மேய்ச்சலற்ற இடம் என்று பொருள் கூறி, சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத் வறண்ட நிலத்தில் வாடிக்கிடந்தான் என்று அந்தத் தம்பி முடித்தார். அவன் அங்கே மாகீரின் வீட்டில் இருந்தான் என்கிறது 2 சாமுவேல் 9. அதே மாகீர்தான் 17ஆம் அதிகாரத்தில், தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி மக்னாயீமுக்கு வந்த தாவீதுக்கு, வேறு இருவரோடு சேர்ந்து மெத்தையும் கோதுமையும் தேனும் வெண்ணெயும் கொண்டுவருகிறான். தாவீதைப் பகைத்த சவுலின் பேரனுக்கு இடம் கொடுத்தவனே தாவீதுக்கும் உணவளித்தான் என்ற அருமையான செய்தியை அவர் தொடவே இல்லை. நம் ஊர்ப் பெயரே ஆறுகள் கூடும் கூடலூரிலிருந்து வந்தது என்பார்கள். கடலை வைத்துப் பொருள் சொல்லிக் கிளம்பினால் எங்கே போய்ச் சேருவோம்?

சூழலை விட்டு வசனத்தை மட்டும் எடுத்தல்

இந்தப் பிழைக்கு நான் பணமே கொடுத்திருக்கிறேன். என் தங்கை மகளின் திருமணத்தில், தாய்மாமன் என்ற முறையில் 500 வாழ்த்து அட்டைகளை என் செலவில் அச்சிட்டேன். நாம் பிரிந்திருக்கையில் கர்த்தர் நமக்கு நடுவே கண்காணிப்பாராக என்ற பொருளுடைய மிஸ்பாவின் வார்த்தை, ஆதியாகமம் 31:49, அதில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, "மருமகன்மேல் அவ்வளவு சந்தேகமா, ஐயா?" என்று கேட்டார். அன்று இரவுதான் அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தேன்.

லாபான் யாக்கோபுக்குத் தாய்மாமன்; மாமனாரும் அவனே. இருபது ஆண்டு வேலை வாங்கி, பத்து முறை கூலியை மாற்றியவன். சொல்லாமல் புறப்பட்ட மருமகனை ஏழு நாள் துரத்திப்பிடித்து, கூடாரங்களைச் சோதித்து, தேடிய சுரூபங்கள், அதாவது வீட்டுத் தெய்வச் சிலைகள், கிடைக்காமல் போனபின், தீங்கு செய்யும்படி இக்குவியலை நீயும் தாண்டாதே, நானும் தாண்டேன் என்று கற்களைச் சாட்சியாக்கிய மிஸ்பாவில் பிறந்தது அந்த வார்த்தை. பங்காளிகள் வரப்பில் எல்லைக்கல் நடுவதை ஒத்த காரியம் அது. ஒருவரையொருவர் நம்ப முடியாத இருவரும் கர்த்தருக்குப் பயந்து கைகலக்காமல் பிரிந்தார்கள் என்பதில் ஆழமான பாடம் உண்டு. பாகப்பிரிவினையில் மனம் கசந்த குடும்பங்களில் அதை இப்போது பேசுகிறேன். திருமண வீட்டில் அதற்கு என்ன வேலை? இன்றும் மோதிரத்திலும் சுவர் அட்டையிலும் அதைக் காணும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஒரே பெயர், இரண்டு ஊர்

லாபானும் யாக்கோபும் பிரிந்த மிஸ்பா வேறு, தீர்க்கதரிசி சாமுவேல் ஜனங்களைக் கூட்டிய மிஸ்பா வேறு.

ஏலீமின் எண்கள்

இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் தங்கிய ஏலீமில் நீரூற்றுகள் 12, பேரீச்சமரங்கள் 70. தண்ணீர் இருந்தது, நிழல் இருந்தது. அதற்குமேல் கணக்குப் போட வேண்டாம்.

வெறும் பட்டியல்

எண்ணாகமம் 33இல் இஸ்ரவேலர் ரித்மாவுக்கும் லிப்னாவுக்கும் வந்து இறங்கினார்கள், பின்பு புறப்பட்டார்கள் என்று மட்டுமே இருக்கிறது. அங்கே நடந்ததாகக் கதை கட்டாதீர்கள்.