பட்டறையில் தெரியாத பிழைகள்: மரவேலையும் குஷன் வேலையும் கற்கப் போகிறவர்களுக்கு

கேரளத்தில் புனலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் நான் மரவேலை கற்கப் போனது ஆடி மாதம். நான்கு வாரம், சனி ஞாயிறு மட்டும். முடிவில் ஒரு டீப்பாய் செய்து, ஆரியங்காவு, கோட்டைவாசல், புளியரை என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்துத் தென்காசிக்குக் கொண்டுவந்தேன். ஆஞ்சிலி மரம்; நம் பக்கம் அயனி என்போம். பங்குனியில் ஒரு மத்தியானம் ‘டப்’ என்று சத்தம். போய்ப் பார்த்தால் மேல்பலகை நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

பயிற்சி எட்டு நாளில் முடிந்துவிடும். மரம் தன் பதிலைச் சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொள்ளும். அதனால் பட்டறையில் கண்ணுக்குத் தெரியாத பிழைகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதல் பிழை, மரத்தின் ஈரத்தைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவது. பெரும்பாலான வகுப்புகளில் அளவாக அறுத்து இழைத்த பலகையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எப்போது அறுத்தது, எவ்வளவு நாள் காய்ந்தது என்று நாமும் கேட்பதில்லை. மேசை, நாற்காலிக்குப் போகும் மரத்தில் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நிழலில் அடுக்கிக் காயவைப்பதாக இருந்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் உண்டு. பட்டறையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் மரம் எந்த வருடம் அறுத்தது என்றாவது கேளுங்கள்.

எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் வம்பு. மலைக்கு மேற்கே மழைக்காலத்தில் மரம் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். சாரல் காலத்தில் தென்காசியிலும் ஈரம்தான், சரி. ஆனால் மாசி, பங்குனியில் இந்தப் பக்கம் அடிக்கும் வறண்ட காற்றுக்கு அதே பலகை சுருங்கும். மரம் நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். ஒன்றரை அடி அகலப் பலகை சுமார் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் வரை குறையலாம். நான் மேல்பலகையைச் சட்டத்தோடு நான்கு பக்கமும் பசை போட்டு, திருகும் முடுக்கி, இறுக்கிவிட்டிருந்தேன். சுருங்க வழியில்லாத பலகை வேறு என்ன செய்யும்? மேல்பலகைக்குப் பசையே போடக் கூடாது. சட்டத்தில் திருகுத் துளையைப் பலகையின் அகலவாக்கில் கொஞ்சம் நீட்டிப் போட்டால், பலகை அசைய இடம் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அளவில் இன்னொரு வேடிக்கை. நூல் என்றால் மலைக்கு இரண்டு பக்கமும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான். விரல் அப்படியில்லை. பட்டறையின் மூத்தாசாரி ஒருநாள் ‘ரெண்டு விரல் விடணும்’ என்றார். நான் என் விரல் இரண்டைச் சேர்த்து வைத்துக் கோடு போட்டேன். கேரளத் தச்சுக் கணக்கில் ஒரு கோலுக்கு 24 விரல், ஒரு கோல் 72 செ.மீ. அப்படியானால் ஒரு விரல் 3 செ.மீ. என் இரண்டு விரலும் சேர்ந்து 4 செ.மீ. கூட வரவில்லை. டீப்பாய்க்கான ஒரு கால் வீணானது. எந்த ஊரில் கற்றாலும், அங்கே வாயில் சொல்லும் அளவு டேப்பில் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் உளி. எல்லாருக்கும் மெஷின் மேல்தான் கண். தீட்டிய உளியைக் கையில் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால், வீட்டில் சொந்த உளி மழுங்கும் நாளில் கற்றதும் நின்றுபோகும். மழுங்கின உளிதான் கையைப் பதம் பார்க்கும். பலம் கொடுத்துத் தள்ளும்போது நழுவிவிடும். ‘மழுங்கின உளி ஒன்று தாங்க, நானே தீட்டுகிறேன்’ என்று கேளுங்கள். அரை நாள் சாணைக்கல்லில் போனால் போகட்டும். மெஷின் பக்கம் போகும்போது துண்டு, துப்பட்டா, கையுறை எதுவும் வேண்டாம். சுற்றும் அலகு கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது, நல்ல மனசால் வருகிற பிழை. ஒரு கட்டையின் துளைக்குள் அடுத்த கட்டையின் நுனியில் செதுக்கிய நாக்கு இறங்காமல் நான் திணறினால் மூத்தாசாரிக்குப் பொறுக்காது. ‘இங்ஙோட்டு தா, அண்ணாச்சி’ என்று வாங்கி, நாலு இழைப்பில் பொருத்திவிடுவார். என் டீப்பாயின் எட்டு இணைப்பில் ஐந்து அவர் கைவேலை. வீட்டில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்! கழிவுக்கட்டையில் ஒரே ஓர் இணைப்பையாவது முழுக்க நீங்களே வெட்டி, பசை போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதன் இடுக்குகளைப் பார்த்தால் கை எங்கே தவறுகிறது என்று தெரியும்.

குஷன் வேலையில் பெரிய பிழை, பழசைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளாமல் புதுசு தைக்கப் போவது. பழைய சோபாவைப் பிரிப்பது தூசும் ஆணியுமான வேலை என்பதால் வகுப்புகளில் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். உண்மையில் பாடம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு துணியையும் கழற்றும் வரிசையில் எண் போட்டு, முன்பக்கம் எது என்று சாக்பீஸில் அம்பு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டால் அதுவே புதுத் துணிக்கு அளவு. உட்கார்ந்து உட்கார்ந்து துணி தொய்ந்திருக்கும், அதை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

பிரிக்கும்போது அடியில் இருக்கும் எலாஸ்டிக் பட்டையை அழுத்திப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் மேலே எவ்வளவு விலை உயர்ந்த ஃபோம் போட்டாலும் ஆறே மாதத்தில் பள்ளம் விழும். ஃபோமை மட்டும் மாற்றிவிட்டுக் கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஃபோம் வாங்கும்போது ‘32 டென்சிட்டி, 40 டென்சிட்டி’ என்பார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். கெட்டியா, மெத்தென்றா என்பது வேறு கணக்கு. எடை குறைந்த ஃபோமும் கடையில் விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருக்கலாம். தினமும் உட்கார்ந்தால் சீக்கிரம் நசுங்கிவிடும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

துணியை ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே போகாதீர்கள், குறுக்கே சுருக்கம் விழும். நான்கு பக்கத்து நடுவிலும் முதலில் ஒவ்வொன்று அடித்து, அங்கிருந்து மூலையை நோக்கிப் போங்கள். மூலை கடைசி. வெல்வெட் என்றால் வெட்டும் முன் தடவிப் பார்த்து, எல்லாத் துண்டிலும் முடி ஒரே திசையில் படியும்படி வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். பிரம்பு பின்னுவதாக இருந்தால் மட்டும் ஈரம் நமக்கு நண்பன்: ஊறவைத்துப் பின்னினால் காய்ந்ததும் தானே இறுகும்.

மழை நாளில், அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் வேண்டாம், வெள்ளை பூத்துவிடும். எல்லைக்கு அப்பால் பலகையாக மரம் வாங்கினால் பில்லையும், அந்த மரத்துக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பதையும் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் டீப்பாய் விரிசலைப் பங்குனியிலேயே மரத்தூளும் ஃபெவிக்காலும் குழைத்து அடைத்தேன். அதுவும் பிழைதான். ஐப்பசி மழையில் பலகை விரிந்து அடைத்ததையெல்லாம் வெளியே தள்ளிவிட்டது. இப்போது அடியில் இருந்த பசையை வெட்டியெடுத்து, திருகுத் துளைகளை நீட்டிவிட்டேன். விரிசலை அப்படியே விட்டிருக்கிறேன். மழைக்கு மூடிக்கொள்கிறது, மாசியில் ஒரு நூல் திறக்கிறது.