பெயர் தெரியாத வேட்டை மீனை அடையாளம் காண்பது எப்படி?

கொளத்தூரில் ஒரு கடையில் 3 அங்குலத்தில் செக்கச்செவேலென்று ஒரு குஞ்சு வாங்கினேன். பெயர் கேட்டதற்கு, "மான்ஸ்டர் சார், இம்போர்ட்டட், கறி போட்டா நல்லா சாப்பிடும்" என்பதுதான் பதில். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் தொட்டியில் இருந்த 14 கப்பிகளில் மூன்றுதான் மிச்சம். இது என்ன மீன், எவ்வளவு பெரிதாகும், என் 3 அடித் தொட்டி போதுமா என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் இந்த வழியில் பாருங்கள்.

முதலில் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மேலே கனமான மூடி போடுங்கள். வேட்டை மீன்களில் பாதி தாவக்கூடியவை. கெளுத்தி வகையாக இருந்தால் துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொள்ளும், இழுத்தால் மீனுக்குக் காயம், அதனால் வலை வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து அதற்குள் ஓட்டிவிட்டுத் தூக்குங்கள். டப்பா ஒடுக்கமாகவும் கண்ணாடி போலத் தெளிவாகவும் இருந்தால் அதிலேயே போட்டோவும் எடுத்துவிடலாம்: பின்னால் ஒரு வெள்ளைத் தாள், பக்கத்தில் ஒரு ஸ்கேல், நேர் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, தலை மட்டும் கிட்டத்தில் ஒன்று. மேலிருந்து எடுப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், தலையின் அகலம் அதில்தான் தெரியும்.

அப்புறம், கடையில் சொன்ன பெயரையும் மீனின் நிறத்தையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கடைப் பெயர் பெரும்பாலும் விற்பதற்காக வைத்தது. "ஷார்க்" என்று விற்பது பெரும்பாலும் பங்கேசியஸ், அது கெளுத்திக் குடும்பம், சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "பிரானா" என்று தருவது பல இடங்களில் மீன் மார்க்கெட்டில் ரூப்சந்த் என்று விற்கும் அதே பாக்கு மீன். வாயைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: பிரானாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்தி, பற்கள் முக்கோணமாகக் கத்தி போல இருக்கும், பாக்குவுக்கு நம் கடைவாய்ப்பல் மாதிரி சதுரப் பற்கள். நிறமோ குஞ்சுக்கு ஒன்று, வளர்ந்தபின் வேறொன்று. உடல் அமைப்பு அப்படி ஏமாற்றாது.

மீசை இருக்கிறதா என்று பாருங்கள். வாயைச் சுற்றி நீண்ட மீசை, உடம்பில் செதில் இல்லை என்றால் கெளுத்தி வகை. முதுகு கறுத்து, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை ஓடி, வால் சிவந்திருந்தால் ரெட் டெயில் கேட்ஃபிஷ், அமேசான் மீன், 1 மீட்டருக்கு மேல் வளரும், வீட்டுத் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. கீழ்த்தாடை நுனியில் மட்டும் இரண்டு குட்டி மீசை, வாய் மேல்நோக்கித் திறக்கிறது, பெரிய செதில்கள் என்றால் அரோவானா.

அடுத்து முதுகு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் கதிரே (துடுப்பைத் தாங்கும் குச்சி போன்ற எலும்பு) இல்லாத ஒரு சின்னச் சதைத் துடுப்பு இருந்தால் பிரானா, பாக்கு பக்கமோ கெளுத்தி பக்கமோ போகலாம். முதுகுத் துடுப்பின் முன்பாதி குத்தும் முள்ளாகவும் பின்பாதி மெத்தென்றும் இருந்தால் சிக்லிட் என்ற மீன் குடும்பமாக இருக்கலாம். அதை உறுதி செய்ய மூக்கைப் பாருங்கள்: பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு மூக்குத் துளைகள், சிக்லிட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். ஆஸ்கர் இந்தக் கூட்டம்தான், வால் அடியில் கண் போல ஒரு வட்டம் இருக்கும், 30 சென்டிமீட்டர் தாண்டும். முதுகுத் துடுப்பு வாலை ஒட்டி வெகு பின்னால் இருந்து, வாய் முதலை போல நீண்டு, உடம்பு வைரக் கட்டம் போட்ட ஓடு போலக் கெட்டியாக இருந்தால் அது கார் (gar) மீன். அலிகேட்டர் காரின் குஞ்சுக்கு முதுகின் நடுவே மூக்கிலிருந்து வால்வரை வெளிர்க்கோடு ஒன்று ஓடும். வளர்ந்தால் 2 மீட்டரையும் தாண்டக்கூடியது.

என் மீனுக்கு மீசை இல்லை, சதைத் துடுப்பு இல்லை. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை ஒரே நீளமாக, முள்ளே இல்லாமல் ஓடியது, வயிற்றுப் பக்கமும் அப்படி ஒன்று. தலை மேல் பாம்புக்கு இருப்பது போலப் பெரிய செதில்கள். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன், மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. சரி, விரால் குடும்பம், கடைக்காரர்கள் "சன்னா" என்பது. கிராமத்துக் குளத்தில் விரால் குஞ்சுகள் செம்மஞ்சளாகக் கூட்டம் கூட்டமாகப் போவதையும், அடியில் பெரிய விரால் காவல் வருவதையும் சின்ன வயதில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், ஆனால் கண்ணாடித் தொட்டியில் ஒற்றையாக நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

இதோடு ஓநாய் மீனைச் சிலர் குழப்பிக்கொள்வார்கள். அதற்கு முதுகுத் துடுப்பு குட்டையானது, வாயில் கோரைப்பற்கள் தெரியும். அதன் விலங்கியல் பெயரில் "மலபாரிகஸ்" என்று இருப்பதால் நம் ஊர் மீன் என்று நினைத்துவிட வேண்டாம், எங்கே பிடித்தது என்பது தவறாகப் பதிவானதால் 1794-இல் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மீன் தென் அமெரிக்காவுடையது.

குடும்பம் தெரிந்துவிட்டால் இனம் பிடிப்பதுதான் மிச்சம், கோடும் புள்ளியும் இந்தக் கட்டத்தில்தான் உதவும், அதுவும் குஞ்சாக இருக்கும்போதே. பக்கவாட்டில் ஒரே செம்மஞ்சள் கோடு, வால் அடியில் கண் போன்ற புள்ளி என்றால் மருலியஸ், நம் நாட்டு ஆறுகளில் இருக்கும் பெரிய விரால். சிவந்த உடம்பில் இரண்டு கறுப்புக் கோடுகள், நடுவில் செம்மஞ்சள் என்றால் இரண்டு வாய்ப்புகள்: தென்கிழக்கு ஆசியாவின் மைக்ரோபெல்டெஸ், இல்லை மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் வாழும், மலையாளத்தில் புலிவாகை எனப்படும் டிப்ளோகிராமா. இரண்டும் வேறு இனங்கள் என்பது 2011-இல்தான் தெளிவானது. இங்கே கோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், துடுப்புக் கதிர்களைப் போட்டோவில் பெரிதாக்கி எண்ணி, மீன்வளக் கல்லூரியில் தெரிந்தவர் இருந்தால் காட்டுங்கள். புலிவாகை காட்டு மீன், குறைந்துவரும் இனம். அதைப் பிடித்து விற்கிறார்களா என்பதும் இதனால் தெரியவரும். என்னுடையது மைக்ரோபெல்டெஸ் என்று முடிவானது. 1 மீட்டரைத் தாண்டும் இனம், அந்தச் சிவப்பும் வளர வளரப் போய்விடும்.

தேடி முடிக்கும்வரை தோல் உரித்த இறால் துண்டு, மீன் துண்டு போதும். கோல்ட்ஃபிஷ்ஷை உயிரோடு போட்டுப் பழக்காதீர்கள், அதில் உள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், நோயும் கூடவே வரும். வாரம் ஒரு முறை அதே ஸ்கேலோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், வளரும் வேகமும் ஓர் அடையாளம்தான்.

பெரிய இனம் என்று தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். பாவம், பிழைக்கட்டும் என்று ஏரியில் மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். "டேங்க் கிளீனர்" என்று வாங்கிய சக்கர் மீன்கள் சென்னையைச் சுற்றிய ஏரிகளில் பெருகி, வலை போடுகிறவர்களின் வலையைக் கிழிக்கின்றன, விலைக்கும் போவதில்லை. என் மீனை மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி வைத்திருக்கும் நண்பர் வாங்கிக்கொண்டார், இப்போது அது ஒன்றரை அடி.