வெதர் ஸ்டேஷன் வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

வெப்பநிலை, காற்று, மழையை எல்லாம் வீட்டிலேயே அளக்கும் வெதர் ஸ்டேஷனைக் குறைந்த விலையில் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது, எத்தனை சென்சார் இருக்கிறது என்பதைத்தான். ஐந்தைவிட ஏழு மேல் என்று நினைத்து நானும் ஏமாந்தவன். எல்லா சென்சாரும் ஒரே கம்பத்தில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. வெப்பநிலையைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்திலும், காற்றை 10 மீட்டர் உயரத்திலும் அளக்கச் சொல்கிறது உலக வானிலை அமைப்பு. ஒரே கம்பத்தில் இரண்டும் நடக்காது. மாடிச் சுவரில் மாட்டினேன். காற்று ஓரளவு சரியாக வந்தது, ஆனால் பகலெல்லாம் வெந்த கான்கிரீட் இருட்டிய பிறகும் வெப்பமானியைச் சுட்டுக்கொண்டே இருந்தது. வெப்பமானி தனியாகவும் காற்றுமானி தனியாகவும் வரும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள், சென்சார் ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்து, வெப்பமானியின் வெயில் மறைப்பு. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த வெள்ளை மரப்பெட்டியின் தத்துவம்தான் இன்றும்: வெயில் படக்கூடாது, காற்று மட்டும் புகுந்து போக வேண்டும். அடுக்கடுக்காகத் தட்டு வைத்தது நல்லது. சின்ன மூடி மட்டும் போட்டது வேண்டாம். காற்றில்லாத உச்சி வெயிலில், ஒரு மேகம் சூரியனை மறைத்ததுமே அளவு சட்டென்று இறங்குகிறதா? அப்படியானால் அதுவரை நீங்கள் பார்த்தது பிளாஸ்டிக்கின் சூடு.

திரையில் 31.4 என்று தசமத்தோடு காட்டுவதால் அது துல்லியம் ஆகிவிடாது. விவரக்குறிப்பில் ±1 டிகிரி என்று போட்டிருந்தால் உண்மை அளவு 30.4 ஆகவும் இருக்கலாம், 32.4 ஆகவும் இருக்கலாம்.

மழைமானியை வாங்கியதும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உள்ளே சீசா பலகை போல இரண்டு குட்டிக் கிண்ணங்கள், நிரம்பியதும் 'டக்' என்று மறுபக்கம் சாயும். புனல் வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், 100 மில்லி தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள்; அவசரப்பட்டு ஊற்றினால் கணக்கு குறையும். ஒரு தடவை கொட்டோ கொட்டென்று கொட்டிய மழைக்கு என் கருவி பூஜ்யம் காட்டியது. திறந்து பார்த்தால் கிண்ணத்தைச் சிலந்தி வலை இழுத்துப் பிடித்திருந்தது! எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தால் இதற்காக ஒவ்வொரு முறையும் ஏணி தேட வேண்டும்.

காற்றழுத்தம் வானிலை அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்று கருவியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அறிக்கையில் வருவது கடல்மட்ட அளவு. தாழ்வான இடங்களில் ஏறக்குறைய 8 மீட்டர் உயரத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். கருவி காட்டுவதைக் கடல்மட்ட அளவுக்கு நீங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு மாடல் என்றால் சென்சாரின் ரேடியோ அலைவரிசையைப் பாருங்கள். 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று நாட்டுக்கு நாடு மாறும், பிறகு மாற்றவும் முடியாது. பதிவான தரவை உங்கள் கணினியிலேயே சேமிக்க வழியிருக்கிறதா என்றும் கேளுங்கள். நிறுவனத்தின் சர்வரில் மட்டும் கிடந்தால், அவர்கள் அதை மூடும் நாளில் உங்கள் பல வருடக் கணக்கும் போய்விடும்.

வானிலை முன்னறிவிப்பு என்று திரையில் சிரிக்கும் சூரியன் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் வைத்துப் போடுவது அது. வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இரண்டு முறை தானாகவே ஏறி இறங்கும், மழை வந்தாலும் வராவிட்டாலும்.