பொம்மைகளை ஒழுங்குபடுத்துவது எப்படி? டப்பாவைக் கடைசியில் வாங்குங்கள்

வீடு முழுக்கப் பொம்மை இறைந்து கிடந்தால் நாம் முதலில் செய்வது, லாங் பஜார் கடைத்தெருவுக்குப் போய் ஆழமான மூடி டப்பா நாலு வாங்கி வருவது. அங்கேதான் தவறு. ஆழமான டப்பாவில் அடியில் இருக்கும் ஒரு காருக்காகக் குழந்தை மொத்தத்தையும் கவிழ்க்கும். கழிப்பது முதலில், டப்பா கடைசியில்.

தேவையானவை: பழைய பெட்ஷீட் 2, பெரிய பை 4, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழந்துணி, சோப்புத்தூள். ஒரு காலைப் பொழுது போதும்.

1. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

கட்டிலடி, பரண், பாத்ரூம், ஸ்கூட்டி டிக்கி வரை தேடி எடுத்து ஹாலில் பெட்ஷீட்மேல் கொட்டுங்கள். அறை அறையாகச் செய்தால் கார் ஓர் அறையிலும் அதன் சக்கரம் இன்னோர் அறையிலும் தங்கிவிடும்.

2. இனம் பிரியுங்கள்

"வேண்டும், வேண்டாம்" என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். கார், பிளாக்ஸ், சொப்புச் சாமான், துணி பொம்மை, புதிர் அட்டை என்று குவியுங்கள். ஒரே மாதிரி கார் பதினைந்து வரிசையாக நிற்கும்போது எதை விடலாம் என்பது தானாகத் தெரியும். மயானக் கொள்ளைத் திருவிழாவிலும் ஆடிக் கிருத்திகையிலும் வாங்கிய ஊதல், கண்ணாடி, உடைந்த துப்பாக்கிக்கெல்லாம் யோசனையே வேண்டாம்.

3. நாலு பை

இப்போது விளையாட, எடுத்து வைக்க, கொடுக்க, குப்பைக்கு. நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் உடன் வைத்துக்கொள்ளுங்கள். "எது வேணாம்?" என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்றுதான் சொல்லும். "இந்த அஞ்சுல எந்த ரெண்டைத் தம்பிக்குக் கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். ஆயா வாங்கித் தந்தது என்று அது இறுக்கிப் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டு சோதனைகள் கட்டாயம். வீட்டில் 3 வயதுக்குள் குழந்தை இருந்தால் ஓர் அட்டையில் 3.2 செ.மீ. விட்டத்துக்கு ஓட்டை போடுங்கள். அதற்குள் நுழையும் எதுவும் தொண்டையை அடைக்கலாம். குழந்தைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்தது, விளக்கு எரியும், பாட்டுப் பாடும் பொம்மைகள். இவற்றுள் பலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். மூடி ஸ்க்ரூ இல்லாமல் கையாலேயே திறந்தால் அந்தப் பொம்மையே வேண்டாம். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும், காலைவரை பார்க்கலாம் என்பதெல்லாம் கூடாது.

4. கழுவுதல்

பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் அப்படியே காய்ந்தால் வெள்ளை உப்புத் திட்டு படியும். நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் சாயம் வெளுத்து, பிளாஸ்டிக் நொறுங்கும். துணி பொம்மையைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி மெஷினில் துவைத்து, வெயிலில் காய வையுங்கள். உள்ளே பஞ்சு ஈரமாக இருந்தால் நாற்றம் வரும். மரச் சொப்பை ஊறவைக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். அடியில் ஓட்டையுள்ள, அழுத்தினால் கீச்சிடும் ரப்பர் வாத்துக்குள் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள்.

5. வெளியே கொஞ்சம், உள்ளே மீதி

2018-இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு வெளியானது. சிறு குழந்தைகள் 16 பொம்மைகள் இருந்தபோது ஆடியதைவிட, 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், பல விதமாக விளையாடினார்கள். வீட்டில் நாலோடு நிறுத்த முடியாதுதான். குழந்தை தானே பத்து நிமிடத்தில் எடுத்துவைக்கும் அளவு என்று கணக்கு வையுங்கள். மீதியை மூன்று வாரத்துக்கொரு முறை மாற்றிக் கொடுங்கள்.

எடுத்து வைப்பதைப் பரணில் ஏற்றாதீர்கள். மேல்மாடி வீடென்றால் கத்திரி வெயிலில் தளத்தின் சூடு நேரே இறங்கி, பசை விட்டுப்போகும், மெல்லிய பிளாஸ்டிக் வளையும். பீரோவின் கீழ்த்தட்டு நல்லது. வைக்கும் முன் எல்லா பேட்டரியையும் கழற்றுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் கம்பியை அரித்துவிடும்.

6. இப்போது டப்பா

15 முதல் 20 செ.மீ. ஆழம், மூடி இல்லாதது, குழந்தையின் நெஞ்சு உயரத்துக்குக் கீழே. எழுத்து தெரியாத வயதென்றால் பொம்மையின் படத்தையே முன்னால் ஒட்டுங்கள். காருக்கும் துணி பொம்மைக்கும் ஒயர் கூடையே போதும். பிளாக்ஸ் அதன் சந்தில் நழுவிவிடும். பிளாக்ஸுக்கு டப்பாவே தேவையில்லை: பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் ஆட விட்டு, முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்து மூட்டையாகக் கட்டுங்கள்.

7. போவதை அன்றே அனுப்புங்கள்

கொடுக்கும் பை வாசலில் ஒரு வாரம் நின்றால் பாதி திரும்ப உள்ளே வந்துவிடும். அங்கன்வாடிக்கு என்றால் முதலில் கேட்டுவிட்டு, கழுவிய, முழுதாக உள்ளதை மட்டும் கொடுங்கள். உடைந்த கெட்டிப் பிளாஸ்டிக் காயலான் கடைக்கு. போகிக்கு எரிக்கலாம் என்று ஒதுக்கி வைக்காதீர்கள். பிவிசி பொம்மை எரிந்தால் வரும் புகை நஞ்சு.

எதன் பாகம் என்றே தெரியாத சக்கரம், மூடி, கை, கால் கடைசியில் மிஞ்சும். ஒரு காலி பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் யாரும் தேடாவிட்டால் குப்பையில் கொட்டுங்கள். பாட்டில் அடுத்த முறைக்கு ஆகும்.