சமன்பாட்டிலிருந்து நேர்க்கோடு: வெப்பநிலைக் கோட்டை வரைபடத் தாளில் வரையும் முறை

கோடைக்காலத்தில் தமிழ் நாளிதழ்கள் ‘வெயில் சதமடித்தது’ என்று எழுதும்போது, அவை குறிப்பிடுவது பாரன்ஹீட் அளவில் 100 டிகிரியை. வானிலை ஆய்வு மையமோ தன் அறிக்கைகளைச் செல்சியஸ் அளவில் தருகிறது. இவ்விரு அளவுகளையும் இணைப்பது ஒரே ஒரு சமன்பாடு. அதை ஒரு தாளில் நேர்க்கோடாக வரைந்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் பெருக்கிக் கூட்டாமல், ஓர் அளவை மற்றோர் அளவாகப் படித்துக்கொள்ளலாம். நேர்க்கோட்டு வரைபடம் வரையக் கற்பவருக்கு இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

செல்சியஸ் அளவைச் ‘செ’ என்றும் பாரன்ஹீட் அளவைப் ‘பா’ என்றும் கொண்டால், சமன்பாடு இவ்வாறு அமையும்:

பா = 1.8 செ + 32

பள்ளி நூல்களில் ‘ஒய் = எம் எக்ஸ் + சி’ என்று காணும் வடிவமே இது. மாறிகள் இரண்டும் முதல் படியில் மட்டுமே உள்ளன; வர்க்கமும் இல்லை, ஒரு மாறியை மற்றொன்றால் பெருக்கும் உறுப்பும் இல்லை. ஆகவே, ஒரு புள்ளியைக்கூடக் குறிப்பதற்கு முன்பே, வரப்போவது நேர்க்கோடுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். நாம் விரும்பியவாறு மதிப்புக் கொடுக்கும் மாறியாகிய ‘செ’ கிடை அச்சுக்கும், அதைச் சார்ந்து விடையாகக் கிடைக்கும் ‘பா’ செங்குத்து அச்சுக்கும் உரியவை.

முதலில் மதிப்பு அட்டவணை. ஒரு நேர்க்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும் என்பது வடிவியல் உண்மை. ஆனால் இரண்டு புள்ளிகளில் ஒன்று தவறாக இருந்தாலும் அவற்றின் வழியே ஒரு கோடு செல்லத்தான் செய்யும், தவறு வெளியே தெரியாது. மூன்றாவது புள்ளி அந்தக் கோட்டில் விழாதபோதுதான் எங்கோ கணக்குப் பிசகியது என்று தெரியவருகிறது. எனவே குறைந்தது மூன்று புள்ளிகளாவது வேண்டும். 1.8 என்பது ஐந்தின் கீழ் ஒன்பது ஆதலால், ‘செ’க்கு ஐந்தின் மடங்குகளையே கொடுத்தால் விடைகள் முழு எண்களாக வந்து, தாளில் குறிப்பது எளிதாகும். அவ்வாறு நான்கு மதிப்புகளை எடுத்துக்கொள்வோம்:

செ = −40 எனில், பா = −72 + 32 = −40
செ = 0 எனில், பா = 0 + 32 = 32
செ = 50 எனில், பா = 90 + 32 = 122
செ = 100 எனில், பா = 180 + 32 = 212

முதல் வரியில்தான் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். −72 உடன் 32ஐக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டு, −104 என்று எழுதிவிடுவார்கள். குறை எண்கள் வரும் வரியை மட்டும் இருமுறை போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கிடைத்த விடைகளை (−40, −40), (0, 32), (50, 122), (100, 212) என வரிசைச் சோடிகளாக எழுதிக்கொள்க. இவையே அப்புள்ளிகளின் ஆயத்தொலைவுகள். இலங்கைப் பாடநூல்கள் இவற்றை ஆள்கூறுகள் என்கின்றன. சோடியில் முதலாவது எண் எப்போதும் கிடை அச்சுக்கு உரியது. (50, 122) என்பதை (122, 50) என்று மாற்றிக் குறித்தால் அது முற்றிலும் வேறொரு புள்ளி.

அடுத்து அளவுத்திட்டம். இதை அவசரத்தில் தீர்மானிப்பவர்கள்தான் பாதி வரைந்த பிறகு தாள் போதவில்லை என்று அழிப்பானைத் தேடுகிறார்கள். அட்டவணையின் மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளைப் பார்த்த பிறகே அச்சுகளை வரைய வேண்டும். கிடைத் திசையில் −40 முதல் 100 வரை 140 டிகிரி, 1 செ.மீ. = 10 டிகிரி என்று கொண்டால் 14 செ.மீ. ஆகும். செங்குத்துத் திசையில் −40 முதல் 212 வரை 252 டிகிரி, 1 செ.மீ. = 20 டிகிரி என்று கொண்டால் 13 செ.மீ.க்குள் அடங்கிவிடும். இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓர் அச்சுக்குள் முழுவதும் அது மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம். 1 செ.மீ. = 7 டிகிரி போன்ற திட்டங்களைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் பத்துச் சிறு கட்டங்களாகப் பிரிந்துள்ள தாளில் ஏழைப் பிரித்துக் குறிக்க முடியாது. 1, 2, 5, 10, 20 ஆகியவையே கைக்கு இணங்கும் எண்கள்.

இரு அச்சுகளும் வெட்டும் இடமாகிய ஆதிப்புள்ளியைத் தாளின் நடுவில் வைக்க வேண்டியதில்லை. இங்கே இடப்புறம் 4 செ.மீ.யும் கீழே 2 செ.மீ.யும் தேவைப்படுவதால், இடப்புற ஓரத்திலிருந்து 5 செ.மீ., கீழ் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி வைத்தால் போதும். அச்சுகளுக்குப் பெயரிட்டு, எண்களை இட்டு, அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுதிய பிறகே புள்ளிகளுக்குச் செல்ல வேண்டும்.

(50, 122) என்ற புள்ளியைக் குறிக்க, ஆதிப்புள்ளியிலிருந்து வலப்புறம் 5 செ.மீ. சென்று, அங்கிருந்து மேலே 6.1 செ.மீ. ஏறுக. (0, 32) செங்குத்து அச்சின் மீதே 1.6 செ.மீ. உயரத்தில் விழும். (−40, −40) மூன்றாம் கால்பகுதியில், இடப்புறம் 4 செ.மீ., கீழே 2 செ.மீ. தொலைவில் அமையும். தடித்த பொட்டுக்குப் பதிலாக, கூர்மையான பென்சிலால் சிறு பெருக்கல் குறி இட்டால் புள்ளியின் இடம் துல்லியமாகத் தெரியும்.

கோட்டை இழுக்கும்போது, அளவுகோலை மிகத் தொலைவிலுள்ள இரண்டு புள்ளிகளின் மீது பொருத்த வேண்டும். இதற்குத் தெளிவான காரணம் உண்டு. 1 செ.மீ. இடைவெளியுள்ள இரு புள்ளிகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் பிசகியிருந்தால், 10 செ.மீ. தள்ளிக் கோடு 5 மில்லிமீட்டர் விலகிவிடும். இந்தத் தாளில் அது 10 டிகிரி பாரன்ஹீட். அதே பிசகு 10 செ.மீ. இடைவெளியுள்ள புள்ளிகளில் நேர்ந்தால், அவற்றுக்கு நடுவில் எங்கும் விலகல் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. (−40, −40), (100, 212) ஆகியவற்றை இணைத்து, மற்ற இரண்டும் அதன் மீதே விழுகின்றனவா என்று பார்த்து, கோட்டை இருபுறமும் சற்று நீட்டி, முனைகளில் அம்புக்குறி இடுக. கணிதத்தில் இக்கோட்டுக்கு முடிவில்லை, இயற்பியலிலோ −273.15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெப்பநிலையே கிடையாது என்பதால், அங்கே கோடு நின்றுவிட வேண்டும்.

இனி கோட்டைப் படிக்கலாம். செங்குத்து அச்சில் 100இலிருந்து கிடையாகச் சென்று கோட்டைத் தொட்டு, அங்கிருந்து கீழே இறங்கினால் 38க்குச் சற்று முன்னால் வந்து சேர்வோம், கணக்கிட்டால் 37.8. நாளிதழின் ‘சதம்’ செல்சியஸில் இவ்வளவுதான்.

வலப்புறம் ஓர் அலகு செல்லக் கோடு எவ்வளவு ஏறுகிறது என்பதே அதன் சாய்வு. அதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. (0, 32)இலிருந்து (100, 212) வரை அளவுகோலால் அளந்தால், 10 செ.மீ. வலப்புறம் செல்ல 9 செ.மீ. ஏறுகிறது, சாய்வு 0.9 என்று தோன்றும். அச்சுகளின் அளவுத்திட்டங்கள் வேறுபடுவதால் வந்த மயக்கம் இது. சென்டிமீட்டரை விட்டுவிட்டு அச்சிலுள்ள எண்களைக் கொண்டு, 180ஐ 100ஆல் வகுத்தால் 1.8 கிடைக்கும்.

2 எக்ஸ் + 3 ஒய் = 12 போன்ற வடிவில் சமன்பாடு இருந்தால், எக்ஸுக்குச் சுழியம் இட்டு (0, 4) என்ற புள்ளியையும், ஒய்க்குச் சுழியம் இட்டு (6, 0) என்ற புள்ளியையும் உடனே பெறலாம்; சரிபார்க்க (3, 2). எக்ஸ் = 3 என்று மட்டும் இருந்தால் அது செங்குத்துக் கோடு, ஒய் = −2 கிடைக்கோடு.

இறங்கும் கோட்டுக்கும் வெப்பநிலையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சுவீடன் நாட்டு வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் முன்வைத்த அளவில், நீர் கொதிப்பது 0, உறைவது 100. பின்னர்தான் அது தலைகீழாக்கப்பட்டது. அந்தப் பழைய அளவுக்குச் சமன்பாடு பா = 212 − 1.8 செ. இதற்கும் (0, 212), (50, 122), (100, 32) என்ற புள்ளிகளைக் குறித்து, அதே தாளில் வேறு நிறத்தில் வரைக. சாய்வு −1.8 ஆதலால், வலப்புறம் செல்லச் செல்லக் கோடு இறங்கும். இரு கோடுகளும் (50, 122)இல் வெட்டிக்கொள்ளும். அந்த மதிப்பை இரண்டு சமன்பாடுகளிலும் இட்டால், ஒன்றில் 90 + 32, மற்றதில் 212 − 90, இரண்டும் 122.