கிலோ விலையை விடுங்கள், குழம்புக் கணக்கைப் பாருங்கள்

சிக்கனத்தைச் சந்தையில் தொடங்காதீர்கள், வீட்டில் தொடங்குங்கள். மூன்று வாரத்துக்கு என்னென்ன வீணாகிறது என்று எழுதுங்கள். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்திலேயே எழுதினேன். "கத்தரிக்காய் நாலு, சொத்தை." "கொத்தமல்லி முக்கால் கட்டு." "மாவு ஒரு கிண்ணம், புளித்துவிட்டது." "தேங்காய் ஒரு மூடி." தாள்களை அடுக்கிக் கூட்டிப் பார்த்தபோது 260 ரூபாய் வந்தது. எங்கள் வீட்டில் நாலரை நாள் காய்ச் செலவு அது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை ரூபாயும் நான் ரவிக்கை தைத்துச் சம்பாதித்த பணம்.

நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், மாமியார், இரண்டு பெண்கள். பால் கணக்கு தனி. அது போக வாரத்துக்கு 1,200 ரூபாய். காய்க்கு 400, மளிகைக்கு 500, முட்டைக்கும் மீனுக்கும் 200, மீதி 100 ஒரு டப்பாவில் போகும். டப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடு மதுரை அண்ணா நகரில். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது இங்கேதான். சனிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் அங்கே நிற்பேன். என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். அப்படிப் போனால் முருங்கைக்காய் என்ன விலை விற்றாலும் அதைத்தான் வாங்குவீர்கள். நான் மனதில் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு போகிறேன்: குழம்புக்கு இரண்டு காய், பொரியலுக்கு மூன்று, இரண்டு கட்டுக் கீரை, ஒரு கிழங்கு. எந்தக் காய் என்பதை அன்றைய விலைப் பலகை சொல்லும். முதலில் பலகையைப் படித்து, வெறும் பையோடு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எது பிஞ்சு, எது முற்றல் என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.

பலகையில் இருப்பது கிலோ விலை. நாம் சாப்பிடுவது கிலோவை அல்ல, தோலும் காம்பும் போக மிஞ்சுவதை. ஒரு முறை பச்சைப் பட்டாணி கிலோ 80 ரூபாய்க்கு வாங்கி, உரித்து நிறுத்தேன். 450 கிராம்தான் தேறியது. ஆக, கிலோ கிட்டத்தட்ட 180 ரூபாய். காய்ந்த பட்டாணி 200 கிராமை இரவே ஊறப் போட்டால் காலையில் 400 கிராமுக்கு மேல் நிற்கும். அன்றிலிருந்து குருமாவுக்குக் காய்ந்த பட்டாணிதான். மாறாக, பீர்க்கங்காயின் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வாங்குவேன். சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. ஒரு காயில் இரண்டு வேளை. முள்ளங்கியை இலையோடு வாங்கினால் இலை பொரியலாகிவிடும். காலிஃபிளவரின் தண்டைச் சீவிச் சாம்பாரில் போடலாம். வாழைத்தண்டில் மேல் பட்டையும் நாரும்தான் கழிவு. ஒவ்வொரு காயையும் வீட்டில் ஒரு தடவையாவது நறுக்கிய பின் நிறுத்துப் பாருங்கள். அதன் பிறகு எந்த விலையையும் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

வாங்கி வந்ததைச் சமைக்கும் வரிசையும் முக்கியம். கீரை சனி, ஞாயிறிலேயே தீர்ந்துவிட வேண்டும். பிறகு வெண்டை, கத்தரி, அவரை. வாரத்தின் நடுவில் புடலை, பீட்ரூட், கேரட். சேனை, வாழைக்காய், உருளை கடைசிவரை தாங்கும். வியாழனன்று காய்க்கூடையில் அரைக் கேரட்டும் இரண்டு அவரையும் கிடக்கும். அவற்றையெல்லாம் கூட்டிக் கதம்பச் சாம்பார் வைத்துவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு வெறும் ரசமும் வாழைக்காய் வறுவலும் போதும். கொத்தமல்லியை வேரோடு ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். என் மாமியார் சொல்லிக்கொடுத்தது.

ரேஷன் கடையை இளப்பமாக நினைக்காதீர்கள். எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. அந்த ஒரு கிலோ பருப்பை மாதம் முழுக்கக் கொண்டுபோவதுதான் சாமர்த்தியம். எங்களுக்கு ஒரு சாம்பாருக்கு 100 கிராம் போதும். வாரம் இரண்டு சாம்பார் என்றால் மாதத்துக்கு 900 கிராமுக்குள் முடிந்துவிடும். மற்ற நாட்களில் தட்டைப்பயறும் கத்தரியும் போட்ட குழம்பு, கொள்ளு ரசம், வத்தக்குழம்பு, கீரைக் கடைசல். துவரம் பருப்பை வெளியில் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புழுங்கல் அரிசி நான்கு தம்ளருக்கு உளுந்து ஒரு தம்ளர், வெந்தயம் ஒரு கரண்டி. இதில் இட்லி நன்றாகவே வரும். மாவைக் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். சின்னவள் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பள்ளி நாட்களில் காலை உணவு அங்கேயே. 2022 செப்டம்பரில் இதே மதுரையில் தொடங்கிய திட்டம் அது. அதனால் மாவும் வாரம் ஒரு முறை அரைத்தால் போதுமாகிறது.

மளிகையில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். பொட்டலத்தில் விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படியுங்கள். பெரிய கடை ஒன்றில் 'சலுகை' என்று எழுதியிருந்ததை நம்பி எண்ணெய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு லிட்டர் பாக்கெட் மாதிரியே இருந்தது 850 கிராம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். குறைந்ததாக நினைத்த விலை, கணக்குப் பார்த்தால் குறையவே இல்லை.

எதில் வேண்டுமானாலும் கையைச் சுருக்குங்கள், பிள்ளைகளின் முட்டையில் சுருக்காதீர்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. அந்த விலைக்குப் பிஸ்கட்டோ மிக்சரோ அதைத் தராது. வாரக் கடைசியில் பணம் குறைந்தால் நான் நிறுத்துவது பிஸ்கட்டையும் மிக்சரையும்தான். அதற்குப் பதில் மாலையில் மொச்சைச் சுண்டலோ முளைகட்டிய பச்சைப்பயறோ இருக்கும். மத்தி மலிவாக வரும் வாரத்தில் முட்டைக் காசில் பாதியை மீனுக்கு மாற்றிக்கொள்வேன். பெரியவளுக்கு இரத்தம் குறைவு என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, முருங்கைக் கீரையை வாரம் இரண்டு நாள் தவறவிட்டதில்லை. எதிர்வீட்டு அக்கா மரத்திலிருந்து ஒடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவருடைய பிள்ளையின் சீருடைக்கு நான் கூலி வாங்குவதில்லை.

இனி அந்த டப்பா. வாரம் 100 ரூபாய் வீதம் ஆவணியிலிருந்து போட்டு வந்தால் பங்குனிக்குள் ஏறக்குறைய 3,000 ரூபாய் சேரும். மாசி, பங்குனியில்தான் புதுப் புளியும் புது மிளகாய் வற்றலும் வரத்து. அப்போது வருடத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். மழைக்காலத்தில் கால் கிலோ கால் கிலோவாக வாங்கினால் அதே புளிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். தக்காளி விலை ஏறும் வாரங்களிலும் இந்தப் புளிதான் குழம்பைத் தாங்குகிறது. வாங்கியதும் கொட்டையும் கோதும் எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அடுக்குக்கு ஒரு பிடி கல்லுப்புத் தூவிப் பீங்கான் ஜாடியில் அழுத்தி வையுங்கள். ஈரக் கையோடு மட்டும் எடுக்கக் கூடாது.